நூறு போடுங்க, டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு இலக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கும். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. பல வருடங்களாக நான்தான் அதை எழுதுகிறேன். மற்றவர்கள் அந்த நோட்டைக் கண்டாலே ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார்கள். எனக்கோ கட்டம் போட்ட தாள் காலியாகக் கிடந்தால் பிடிக்காது. நான் கணக்கு டீச்சர். கட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஏதாவது இருந்தாக வேண்டும் என்று நினைக்கிற ரகம். அந்தப் புத்திதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

பள்ளி, கப்பலூர் தொழிற்பேட்டையைத் தாண்டி உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். வீடு ஆனையூரில். தினமும் காளவாசலில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தச் சிக்னலில் நிற்கிற நேரத்திலேயே அன்றைக்குள்ள பொறுமையில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியைத்தான் பிள்ளைகளுக்குக் கொண்டுபோவேன். நான் கோபக்காரி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நானும் அதைப் பெருமையாகவே வைத்திருந்தேன். கோபக்காரி வகுப்பில்தான் பிள்ளைகள் பாஸாகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தலைமையாசிரியர் அறையில் இலக்குக் கூட்டம் நடக்கும். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற ஐந்து பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவோம். முதலில் தேர்ச்சி விழுக்காடு. அந்த வருடம் நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"எம்புட்டு சார் போட?"

"நூறு போடுங்க, டீச்சர்."

"போன வருசம் ரெண்டு பேர் பெயிலாப் போயிட்டாங்களே சார். தொண்ணூத்தஞ்சுன்னு போட்டா என்ன?"

"தொண்ணூத்தஞ்சுன்னு போட்டா, மிச்ச அஞ்சு யாருன்னு கேப்பாங்க. நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்கள் அவரை உலுக்குவார்கள், அவர் எங்களை உலுக்குவார், நாங்கள் பிள்ளைகளை உலுக்குவோம். நான் நூறு என்று எழுதினேன்.

விழுக்காட்டுக்கு அடுத்து இரண்டு பத்திகள். ஒன்று கற்றல், இன்னொன்று வளர்ச்சி. கற்றலில் மதிப்பெண் வரும். வளர்ச்சியில் பிள்ளை மனிதனாக எப்படி வளர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு பருவமும் ஒரு வரி எழுத வேண்டும். அதற்கென்று என்னிடம் நான்கைந்து வாக்கியங்கள் இருந்தன. தன்னம்பிக்கை வளர்ந்துள்ளது. ஆர்வத்துடன் பங்கேற்கிறார். முன்னேற்றம் காணப்படுகிறது. இவற்றை மாற்றி மாற்றிப் போடுவேன், பக்கத்துப் பக்கத்தில் ஒரே வரி வராமல் மட்டும் பார்த்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு தத்தெடுப்பு. இது எங்கள் பக்கம் பல பள்ளிகளில் உண்டு. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் போட்டு, ஆளுக்கு ஐந்து பேரைப் பிரித்துக்கொள்வோம். அந்த ஐந்து பேருக்கும் எல்லாப் பாடத்துக்கும் அந்த ஆசிரியர்தான் பொறுப்பு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போன் செய்வது, மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது, பரீட்சை நாளன்று வாசலில் நின்று உள்ளே அனுப்புவது எல்லாம் அவர் வேலை. ரிசல்ட் வந்ததும் ஒவ்வொரு ஆசிரியரின் ஐந்து பேரும் என்ன ஆனார்கள் என்று கூட்டத்தில் வாசிப்பார்கள். என் ஐவரில் ஒருவர்கூட அதுவரை தோற்றதில்லை.

முன்பெல்லாம் நாங்களே பேசிப் பிரித்துக்கொள்வோம். தேறுகிற பிள்ளைகளை எல்லோரும் முந்திக்கொண்டு எடுக்க, ஒரு வருடம் வாய்த்தகராறாகிவிட்டது. அன்றிலிருந்து சீட்டு எழுதிக் குலுக்குவது என்று ஆனது.

"கையெழுத்து நல்லா இருக்கிற பிள்ளை ஒண்ண அனுப்புங்க ஐயா" என்றார் தலைமையாசிரியர். பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியர் தமிழையாதான். அவர் ஒரு பெண்ணை அனுப்பினார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய இரட்டைச் சடை, ஒல்லியான பிள்ளை. தலைமையாசிரியர் அவளிடம் பட்டியலையும் வெள்ளைத் தாளையும் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் ஒரு சீட்டில் எழுதி மடிக்கச் சொன்னார். போட்டு வைக்கப் பாத்திரம் வேண்டும் என்றதும் நான் என் டிபன் டப்பாவைக் கொடுத்தேன், கழுவித் துடைத்து வைத்திருந்தேன்.

அவள் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. "அச்சடிச்சாப்ல இருக்கே" என்று தலைமையாசிரியரே எட்டிப் பார்த்துச் சொன்னார். அந்தப் பட்டியலில் அவள் பெயரும் இருந்ததை அவர் கவனிக்கவில்லை, அவருக்கு அந்தப் பிள்ளையின் பெயரே தெரியாது. தமிழையா கவனித்தாரா என்று தெரியவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய கணக்குத் தாளைத் திருத்தியவள் நான். பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்ததும் நான். தன் பெயர் வந்தபோது அவள் பேனா நின்றதா, தயங்கி நிமிர்ந்து பார்த்தாளா, எதையும் நான் பார்க்கவில்லை. பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தேன்.

டப்பாவை அவள் ஏந்திக்கொண்டு நிற்க, ஆளுக்கு ஐந்து சீட்டு எடுத்தோம். நான் எடுத்த நான்காவது சீட்டில் அவள் பெயர். நிமிர்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். டீச்சரைப் பார்த்தால் பிள்ளைகள் சிரிப்பதுதானே என்று நானும் தலையாட்டி வைத்தேன். "சரி, நீ போம்மா, பெல் அடிக்கப் போகுது" என்றார் தலைமையாசிரியர்.

அவள் படியிறங்கிப் போனதும் என் வேலையைத் தொடங்கினேன். அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் வராது. மூன்றிலக்க எண்ணைக் கொடுத்தால் நோட்டு முழுக்கக் கோடு கோடாகப் போட்டு, கூட்டம் கூட்டமாகச் சுழித்து எண்ணுவாள். என் ஐவரின் கணக்கைக் கெடுக்கப் போகிறவள் இவள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பக்கத்தில் அறிவியல் சார் இருந்தார், வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாதவர். அவர் கையில் ஒரு பையனின் சீட்டு இருந்தது. சேட்டைக்காரன், ஆனால் மண்டை உள்ளவன், ஆறு மாதம் காதைத் திருகினால் தேறிவிடுவான்.

"சார், இந்தப் பய அம்மாவ எனக்கு நல்லாத் தெரியும். நான் சொன்னா கேக்கும். மாத்திக்குவோமா?"

அவனுடைய அம்மாவை நான் பார்த்ததுகூடக் கிடையாது. "அதுக்கென்ன டீச்சர், தாராளமா" என்றார் அவர். மூத்த டீச்சர் கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுசன். நோட்டில் அவள் பெயருக்கு எதிரே அறிவியல் சாரின் பெயரை நானே எழுதினேன்.

அடுத்த வாரமே அவள் நோட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். ஒரு வகுத்தல் கணக்கு, பக்கம் நிறையக் கோடுகள், கடைசியில் விடை. விடை சரியாக இருந்தது. "பரீட்சையில இப்பிடிக் கோடு போட்டுக்கிட்டு இருந்தா பேப்பர் பத்துமா?" என்று கேட்டேன். "உனக்கு சயின்ஸ் சார்தான? அவர்கிட்டப் போய்க் கேளு." அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அடுத்த நோட்டை எடுத்துவிட்டேன்.

அறிவியல் சார் நல்லவர். மாலையில் அவளையும் மற்ற நால்வரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆகஸ்டில் மாறுதல் கலந்தாய்வு வந்தது. சொந்த ஊர்ப்பக்கம் இடம் கிடைத்து அவர் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. அறிவியல் பாடவேளைகளை நாங்கள் நான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். அவருடைய ஐந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொள்வது பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நோட்டு என் கையில் இருந்தது, எடுக்க வேண்டியவள் நான்தான். எடுத்தால் எனக்கு ஒருவர் கூடுவார், அது அவளாகவே இருந்துவிட்டால்? பேசாமல் இருந்துவிட்டேன். அவருடைய மற்ற நான்கு பிள்ளைகளும் வீட்டில் அக்காவிடமும் வெளியே டியூஷனிலுமாக எப்படியோ தேறிக்கொண்டார்கள்.

அவள் இன்னொரு முறை வந்தாள். "டீச்சர், சார் போயிட்டாரு. நான் யாருகிட்ட டீச்சர்?" என்று கேட்டாள். "புதுசா ஒரு சார் வருவாரு, அதுவரைக்கும் பொறு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

காலாண்டுக்குப் பிறகு வருவதும் வராததுமாக இருந்தாள். அரையாண்டு எழுதவில்லை. தமிழையா பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே வந்தார், வீட்டுக்குப் போன் செய்வது தத்தெடுத்தவர் வேலை என்று அவர் நினைப்பு. தத்தெடுத்தவர் வேறு ஏதோ மாவட்டத்தில் இருந்தார். மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலியாக இருப்பதை நான் தினமும் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சராசரி ஏறியது.

ஜனவரியில் நோட்டைப் பார்வையிட வருகிறார்கள் என்று அவசரம். ஒரு மதிய இடைவேளையில் உட்கார்ந்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். மாறுதலில் போன அறிவியல் சாருடைய ஐந்து பிள்ளைகளின் கட்டங்கள் காலியாக இருந்தன. விட்டுவைக்க மனம் வரவில்லை. அவள் வரிசையில், வளர்ச்சி என்ற பத்தியில், 'தன்னம்பிக்கை வளர்ந்துள்ளது' என்று எழுதினேன். அந்த நாளில் அவள் கப்பலூரில் ஏதோ ஒரு கம்பெனியில் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரியில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். பொதுத்தேர்வுப் பட்டியலை முடித்துக் கொடுக்கிற நேரம்.

"இந்தப் பிள்ளை வரவே இல்லையாமே. அம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிருங்க டீச்சர். குடும்பச் சூழ்நிலைன்னு. பேர எடுத்துரலாம்."

"நானா சார்?"

"நோட்டு உங்ககிட்டதான இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த தெரு. அவள் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே ஓடி, பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து துண்டால் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க டீச்சர்." தண்ணீர் கொண்டுவந்தாள். விரல் நுனிகளெல்லாம் தோல் உரிந்து கிடந்தன.

அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்ததில் சந்தோசம், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கணக்கு டீச்சர் நீங்கதானா! உங்களப் பத்தித்தான் அம்புட்டுச் சொல்லுவா. பள்ளிக்கூடம் தொறந்த புதுசுல ஒரு நா ஓடியாந்து, கணக்கு டீச்சர் என்னய எடுத்துட்டாங்கம்மா, இனி நான் பாஸாயிருவேன்னு ஒரே குதி. கேசரி கிண்டிக் குடுன்னு அடம் புடிச்சு, நானும் கிண்டிக் குடுத்தேன். பெறகு என்னாச்சுன்னு தெரியல டீச்சர். எனக்கு அங்க யாருமில்லம்மா, நான் உன்கூட வேலைக்கு வாரேன்னுட்டா. நாங்க எம்புட்டோ சொல்லிப் பாத்தோம். என்னதான் டீச்சர் ஆச்சு?"

நான் தண்ணீரைக் குடித்தேன். டம்ளர் காலியான பிறகும் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"பரீட்சைக்கு வாறியா? நான் சொல்லித் தாரேன்" என்று அவளிடம் கேட்டேன். என் குரலில் பாதி பலம்கூட இல்லை, அது எனக்கே கேட்டது. அவள் சிரித்தாள். "இனிமே எங்க டீச்சர்? ஒரு மாசந்தான இருக்கு." நான் வற்புறுத்தவில்லை. பட்டியலில் பெயர் இருந்து, எழுதித் தோற்றால்கூட, ஜூனில் துணைத்தேர்வு எழுதலாம், அதைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும். சொன்னால் அவள் வந்து உட்கார்ந்துவிடுவாளோ, நூறு போய்விடுமோ என்று பயந்து சொல்லாமல் விட்டேன். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும் டீச்சர். லெட்டரு யாரு எழுதுவா?" என்றார் அம்மா.

"நான் எழுதுறேன்" என்றாள் அவள்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மார்ஜின் மடித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா. அதே எழுத்து. தன் பெயரை எழுதினாள். 'என் மகள்' என்று அம்மா சொல்வதாக எழுதினாள்.

"காரணம் என்னன்னு போட டீச்சர்?"

"குடும்பச் சூழ்நிலை காரணமாக."

பேனா நின்றது. இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, வகுப்பில் சந்தேகம் கேட்பது போலவே கேட்டாள்.

"டீச்சர், என்னய நீங்கதான எடுத்தீங்க? டப்பா என் கையிலதான இருந்துச்சு. நான் பாத்தேனே. பெறகு ஏன் சயின்ஸ் சார்ட்டப் போகச் சொன்னீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். கோபத்துக்குக் கோபம் எனக்குக் கைவந்த வேலை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, ஏழெட்டு மாதமாக மனதில் வைத்திருந்து இப்போதுதான் கேட்கிறாள்.

"அது ஆபீஸ்ல மாத்திட்டாங்கம்மா" என்றேன்.

"ஓ" என்றாள். குனிந்து, 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதி முடித்தாள். அம்மா கையெழுத்துப் போட்டார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காளவாசல் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி, "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

அந்த வருடம் நூறு வந்தது. பள்ளி வாசலில் பேனர் கட்டினார்கள். நான் மாற்றிக்கொண்ட அந்தச் சேட்டைக்காரப் பையன் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தான், என் ஐவரின் பெயர்களையும் வாசித்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை இன்னும் பிரிக்காத உறையிலேயே பீரோவில் கிடக்கிறது.

மறுபடி ஜூன். மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை மதியம். நூறு என்று எழுதினேன், யாரையும் கேட்கவில்லை. தத்தெடுப்புப் பட்டியல் வந்ததும் தலைமையாசிரியர் சுற்றிப் பார்த்தார்.

"போன வருசம் ஒரு பிள்ளை வந்து அச்சடிச்சாப்ல எழுதிக் குடுத்துச்சே, அது யாரு டீச்சர்? அதையே கூப்பிடலாமே."

அந்த எழுத்து அவர் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியில், ஃபைலுக்குள், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று அவருக்கே எழுதப்பட்டு இருந்தது. அவர் அதில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை போன வருசமே பத்தாவது சார்" என்றேன்.

"அட ஆமா. பாஸாகிப் போயிருக்குமே. நூறுதான நமக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நோட்டு என்னிடம் இருப்பதால்.

"ஆமா சார்" என்றேன்.